ஆர்ச்சி பங்கரின் நாற்காலி

அரை நூற்றாண்டுக்கு முன் அமெரிக்காவில் ஓடிய ஒரு தொலைக்காட்சித் தமாஷைப் பற்றி இன்று இப்பத்திகளில் எழுதவேண்டிய அவசியம் யாது என அன்பர்கள் சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. குடும்பத்தோடு அமர்ந்து பார்க்கவென்று அந்நாட்டார் ஆக்கிய தமாஷ்களில் பெரும்பாலானவை ஒளிபரப்பான பருவத்தோடு மறையத் தக்கவை, மறைந்தும் போயின. ‘ஆல் இன் தி ஃபேமிலி’ என்னும் நாடகம் மட்டும் மறைய மறுக்கிறது. 1979ஆம் ஆண்டு ஏப்ரலில் முடிவுற்ற அத்தொடரின் பழைய அங்கமொன்றை, 2019ஆம் ஆண்டு மே மாதத்தில், புதிய நடிகர்களைக் கொண்டு நேரலையில் மீண்டும் நடித்துக் காட்டினார்கள். அதற்கு எம்மி விருதும் கிடைத்தது. உயிரற்ற பொருளுக்கு எவரும் இவ்வளவு சிங்காரம் செய்யமாட்டார்.

இத்தொடரை நாம் முதலிலிருந்து முடிவுவரை பார்த்தது சென்ற சில மாதங்களில், இரவு வேளைகளில், தோட்டத்துக் குடியிருப்பில், மடிக்கணினியின் சிறிய திரையில். உடன் பார்த்தவர் நம் தாய்மாமன், ஓய்வுபெற்ற மண்டோர். அவருக்கு ஆங்கிலம் அரைகுறை. இடையிடையே நாம் தமிழில் எடுத்துரைக்க, அவர் சிரிப்பார். அவர் சிரித்த இடங்களும் நாம் சிரித்த இடங்களும் பல சமயம் வேறுவேறாக இருந்தன. இக்கட்டுரை பிறந்ததற்கு அதுவே காரணம்.

நாடகத்தின் அமைப்பு மிக எளியது. நியூயார்க் மாநகரின் குவீன்ஸ் பகுதியில், ஹாஸர் தெருவில், 704ஆம் எண் வீடு. அதில் ஆர்ச்சி பங்கர் என்னும் வெள்ளைக்காரத் தொழிலாளி. சரக்கேற்றும் துறையில் மேஸ்திரி. வருமானம் போதாமல் வாடகைக் காரும் ஓட்டுபவன். இரண்டாம் உலகப் போரில் இத்தாலியில் பணிபுரிந்தவன். அவன் மனைவி ஈடித், மகள் குளோரியா, மருமகன் மைக்கேல். இம்மருமகன் போலந்து வழியில் வந்தவன், சமூகவியல் படிக்கும் மாணவன், சம்பாத்தியம் இல்லாதவன், மாமனார் வீட்டில் வயிறாரச் சாப்பிடுபவன், சாப்பிட்டுக்கொண்டே மாமனாருக்குச் சமத்துவம் போதிப்பவன். கறுப்பர், யூதர், போலந்துக்காரர், பெண்ணுரிமை பேசுவோர், போரை எதிர்ப்போர் ஆகிய எவரையும் ஆர்ச்சிக்குப் பிடிக்காது. எதையும் மறைக்காமல் வாய்க்கு வந்தபடி சொல்லிவிடுவான். பக்கத்து வீட்டில் குடியிருப்பவர்களோ ஜெஃபர்சன் என்னும் கறுப்புக் குடும்பத்தார். இவ்வளவுதான் கதை.

இதை ஆக்கியவர் நார்மன் லியர். மூலம் அவருடையதன்று. பி.பி.சி.யில் 1965ஆம் ஆண்டு தோன்றிய, ஜானி ஸ்பைட் எழுதிய நாடகத்தில், ஆல்ஃப் கார்னெட் என்னும் கிழக்கு லண்டன் கிழவன் ஒருவன் இவ்வாறே வசைபாடி வந்தான். அதைப் பற்றி அறிந்த லியருக்குத் தம் தந்தையின் நினைவு வந்ததாம். அத்தந்தை மனைவியை ‘வாயை மூடு’ என்று அதட்டுபவர். மகனைச் சோம்பேறி எனத் திட்டும்போதும் நிறத்தைச் சேர்த்தே திட்டுபவர். லியரின் ஒன்பதாம் வயதில் சிறைக்கும் போனவர். அப்படிப்பட்டவரிடம் மகன் வைத்திருந்த பாசமும் மனத்தாங்கலும் ஒன்றாய்க் கலந்து ஆர்ச்சியாக உருவெடுத்தன என்று கொள்ள இடமுண்டு. ஏ.பி.சி. நிறுவனம் 1968லும் 1969லும் மாதிரி அங்கங்களைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றது. பிறகு சி.பி.எஸ். ஏற்றுக்கொண்டு, 1971ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் நாள் இரவு முதல் அங்கத்தை ஒளிபரப்பியது. அன்றைக்கு நாடகத்துக்கு முன்னால் ஓர் அறிவிப்பும் போட்டார்கள்: நம் பலவீனங்களையும் வெறுப்புகளையும் சிரிப்புக்கு இடமாக்கி, அவை எத்துணை அபத்தமானவை என்று காட்டுவதே நோக்கம் என்னும் கருத்துப்பட. அதாவது, ‘அடிக்காதீர்கள், நல்ல எண்ணத்தோடுதான் செய்கிறோம்’ என்று முன்கூட்டியே கைகூப்பிக்கொண்டார்கள். ஆனால் அடுத்த பருவத்திலேயே நாடு முழுவதும் முதலிடம். அவ்விடத்தை ஐந்து பருவங்கள் தொடர்ச்சியாக விடவுமில்லை.

இதன் நிலைத்த கவர்ச்சிக்குக் காரணம் துணிச்சலே என்று பொதுவாகச் சொல்லுவர். அதுவரை அமெரிக்கக் குடும்பத் தமாஷ்களில் தந்தையர் ஞானிகளாகவும், அடுக்களைகள் பளிங்காகவும், துன்பங்கள் தொலைந்துபோன நாய்க்குட்டியின் அளவினவாகவும் இருந்தன. வீட்டில் கழிவறை இருப்பதாகக்கூட யாரும் காட்டிக்கொண்டதில்லை. இந்த வீட்டில் மேல்மாடிக் கழிவறையில் தண்ணீர் இழுத்துவிடும் ஓசை கேட்டதே பெரும் பரபரப்பாயிற்று. வியட்நாம் போர், கறுப்பர் உரிமை, ஓரினச்சேர்க்கை, பெண்களின் மாதவிடாய் நிற்கும் பருவம் என, வரவேற்பறையில் வாய்திறந்து பேசாதவை யாவும் பேசப்பட்டன. துணிச்சல்தான், ஐயமில்லை. ஆயினும் துணிச்சல் என்பது சீக்கிரம் ஊசிப்போகும் பண்டம். அன்று மருண்டு பார்த்த விஷயங்கள் இன்று எந்தத் தொடரிலும் மலிந்து கிடக்கின்றன. துணிச்சலே அதன் உயிராய் இருந்திருப்பின் இன்று அது ஒரு பழைய சுவரொட்டிக்குச் சமானமாய் இருக்கும்.

நம் அபிப்பிராயத்தில் அதன் உயிர் அந்த அறையில் இருக்கிறது. ஏறக்குறைய முழு நாடகமும் ஒரே கூடத்தில் நடைபெறுகிறது. மேடை நாடகம் போலப் பார்வையாளரை எதிரில் உட்காரவைத்து ஒளிப்பதிவு செய்தார்கள். சிரிப்பு உண்மையான மனிதரின் சிரிப்பு. நடிகர்களும் அச்சிரிப்புக்காகக் காத்திருந்து, அது அடங்கும்வரை முகத்தால் மட்டும் நடித்து, பிறகு அடுத்த வசனத்தை எடுக்கிறார்கள். கரோல் ஓகானர் இதில் நிகரற்றவர். கண்ணை உருட்டி, உதட்டைச் சுழித்து, சுருட்டைக் கையில் உருட்டி, ஒரு வார்த்தையும் பேசாமல் அரை நிமிடம் நிற்பார். (ஓகானர் தம் சொந்த வாழ்வில் ஆர்ச்சிக்கு நேர்மாறான கொள்கையுடையவர் என்பதை வாசகர் அறிந்துகொள்வது நலம்.) கூடத்தின் நடுவில் ஒரு நாற்காலி. அதில் ஆர்ச்சியைத் தவிர வேறெவரும் உட்காரக்கூடாது. தெரியாமல் உட்கார்ந்தவன் எழுப்பப்படுவான். பழஞ்சாமான் கடையில் சில டாலருக்கு வாங்கிய அந்நாற்காலியை 1978ஆம் ஆண்டில் ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்கு ஈந்துவிட்டார்கள். தொடர் முடிந்ததென்று எண்ணிக் கொடுத்தது, தொடரோ நீண்டுவிட்டது, அப்புறம் அதைப் போலவே வேறொன்று செய்யவேண்டியதாயிற்று. அரசர்களின் சிங்காசனங்களைக் காட்சிக்கு வைத்த நாடுகளுண்டு. சரக்கேற்றும் துறை மேஸ்திரியின் கிழிந்த நாற்காலியை வைத்தது அந்நாட்டுக்கு இழுக்கன்று.

நாற்காலிக்கு இத்துணை இடம் கொடுத்து எழுதுவதற்குக் காரணமுண்டு. ஒவ்வொரு வீட்டிலும் அப்படி ஒரு நாற்காலி இருக்கிறது. அதில் ஒருவர் இருக்கிறார். அவர் சொல்வது தவறென்று எல்லாருக்கும் தெரியும். அவரை விட்டுப்போகவும் எவராலும் இயலாது. மேடையில் நின்று வெறுப்பைப் பரப்புகிறவனை எதிர்ப்பது எளிது. சோறு போடுகிறவன், காய்ச்சலில் இரவெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன், அவனே அவ்வெறுப்பைப் பேசினால் என் செய்வது? இந்தக் கேள்வியை மாநாட்டில் எழுப்பாமல் சாப்பாட்டு மேசையில் எழுப்பியதுதான் லியரின் சாமர்த்தியம். மைக்கேல் எத்தனை புத்தகங்களை மேற்கோள் காட்டினாலும், சண்டை முடிந்ததும் அதே மேசையில் உட்கார்ந்து, அதே கிழவன் சம்பாதித்த உருளைக்கிழங்கைத்தான் தின்றாக வேண்டும்.

இப்போது கடினமான இடத்துக்கு வருகிறோம். இச்சிரிப்பு யாரைப் பார்த்து எழுகிறது?

1971ஆம் ஆண்டு செப்டம்பரில், யூத வெறுப்பைப் பற்றிய புகழ்பெற்ற நாவலொன்றின் ஆசிரியையான லாரா ஹாப்சன், நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையில் இத்தொடரைக் கண்டித்து எழுதினார். அவர் வாதம் கூர்மையானது. மெய்யான வெறுப்பாளன் வாயில் வரும் மிகக் கொடிய சொற்களை நாடகம் விலக்கிவிடுகிறது. அவற்றுக்குப் பதில் செல்லமான, பாதி விளையாட்டான சொற்களை வைக்கிறது. இதனால் வெறுப்பு குளிப்பாட்டி, பவுடர் பூசி, மடியில் வைத்துக் கொஞ்சத்தக்க குழந்தையாகிவிடுகிறது என்பதே அதன் சாரம். லியர் அடுத்த மாதமே அதே பத்திரிகையில் மறுமொழி எழுதினார். மறுமொழி நயமானது, ஆனால் நாம் ஹாப்சன் பக்கத்தில் ஒரு காலை வைத்தே நிற்கிறோம். 1974ஆம் ஆண்டில் நீல் விட்மார், மில்டன் ரொக்கீச் என்னும் ஆராய்ச்சியாளர் இருவர், அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மாணவரையும் கனடா நாட்டுப் பெரியவர்களையும் வினவி வெளியிட்ட முடிவு அவருக்குப் பெரிதும் அரணாயிற்று. நாடகம் வேடிக்கையாயிருக்கிறது என்பதில் இரு தரப்பாரும் ஒன்றே. ஆனால் வெறுப்பு மிகுந்தவர் ஆர்ச்சியையே மெச்சினார்கள். வாதத்தில் அவனே வென்றதாகக் கண்டார்கள். வெறுப்புக் குறைந்தவர் மைக்கேல் வென்றதாகக் கண்டார்கள். கண்ணாடியைக் காட்டினால் அவரவர் தம் முகத்தையே அழகென்று கொண்டு திரும்பினர். 1972ஆம் ஆண்டு தேர்தல் காலத்தில் ‘ஆர்ச்சி பங்கரை ஜனாதிபதியாக்குவோம்’ என்று அச்சிட்ட சட்டைகள் விற்றன. வாங்கியவர்களில் எத்தனை பேர் பரிகாசமாக வாங்கினர், எத்தனை பேர் மெய்யாகவே வாங்கினர் என்று பிரித்தறிய எந்தத் தராசும் இல்லை.

இவ்வாராய்ச்சியை நாம் படித்தறிவதற்கு முன்பே நம் கூடத்தில் அது நிரூபணமாயிற்று. ஆர்ச்சி, அயல்நாட்டிலிருந்து வந்து குடியேறுவோரை வாய்க்கு வந்தபடி பேசும் ஓரிடத்தில், நாம் அவனைப் பார்த்துச் சிரித்தோம். மாமாவும் சிரித்தார். சிரித்துவிட்டு, “அந்த மனுஷன் சொல்றது சரிதானே தம்பி, வந்தவனெல்லாம் தலைக்கு மேல ஏறிட்டா அப்புறம் இருந்தவன் எங்க போறது?” என்றார். வங்காள தேசத்துத் தொழிலாளர்களை மனத்தில் வைத்தே சொன்னார். “நம்ம தாத்தாவும் வந்தவர்தானே மாமா?” என்றோம். “அது வேற, இது வேற” என்று முடித்துவிட்டார். மைக்கேலுக்கு ஆர்ச்சி சொல்லும் பதிலும் இதுவே.

மாமாவை மட்டும் குற்றம் கூறிவிட்டுப் போவது நேர்மையாகாது. அதே வாரத்தில் காலைப் பெரட்டு முடிந்தபின், வங்காள தேசத்து இளைஞர் ஒருவர் அலுவலகச் சன்னலில் வந்து, தம் பெயரில் இரண்டு நாள் குறைகிறதென்று கைவிரலால் காட்டி முறையிட்டார். நாம் புத்தகத்தைப் புரட்டாமலே, பக்கத்திலிருந்த பையனிடம், “இவங்களுக்குக் கணக்கு எங்க தெரியுது” என்றோம். பையன் சிரித்தான். பிற்பகலில் செக்ரோலைச் சரிபார்க்கையில் பிழை நம்முடையது. அவர் சொன்ன இரண்டு நாளும் அடுத்த வரியில் வேறொருவர் பெயரில் ஏறியிருந்தன. திருத்திவிட்டோம். மன்னிப்புக் கேட்டோமா எனில், இல்லை. கணக்கைத் திருத்தியதே போதுமென்று இருந்துவிட்டோம். நம் பாட்டனார் காலத்தில், கங்காணி வழி வந்து இறங்கிய கூலியைப் பார்த்து அன்றைய கிராணி எதைச் சொல்லிச் சிரித்திருப்பானோ, அதையே நாம் சொன்னோம். அன்றிரவு ஆர்ச்சியைப் பார்த்து நமக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆகவே, சிரிப்பு வெறுப்பைக் கரைத்துவிடும் என்ற அன்றைய அறிவிப்பை நாம் நம்பவில்லை. ஆயினும் சிரிப்பால் ஆகும் காரியம் வேறொன்று உண்டென்று தோன்றுகிறது. 1972ஆம் ஆண்டு பிப்ரவரி 19ஆம் நாள் ஒளிபரப்பான அங்கத்தை எடுத்துக்கொள்வோம். புகழ்பெற்ற கறுப்புப் பாடகர் சாமி டேவிஸ் ஜூனியர் தம்முடைய வேடத்திலேயே வருகிறார். ஆர்ச்சியின் வாடகைக் காரில் கைப்பெட்டியை மறந்து விட்டுவிட்டார். அதைப் பெற்றுக்கொள்ள வீட்டுக்கே வருகிறார். ஆர்ச்சிக்குத் தலைகால் புரியவில்லை. பெரிய மனிதர், ஆனால் கறுப்பர். அவருடைய செயற்கைக் கண்ணைப் பற்றிப் பேசக்கூடாது என்று மற்றவரை எச்சரித்துவிட்டு, காப்பியில் பாலும் சர்க்கரையும் கலக்கக் கேட்கும்போது, ‘கண்ணில் கலக்கட்டுமா’ என்று தானே உளறிவிடுகிறான். நீர் வெறுப்புடையவரல்லர் என்று டேவிஸ் அவனுக்கு நற்சான்று கொடுக்கும் இடம் இருக்கிறதே, அதுபோன்ற வஞ்சப் புகழ்ச்சி எந்த மொழியிலும் அரிது: மிக இழிந்த சொல்லால் தம்மை அழைக்காமல் அதற்கடுத்த சொல்லால் மட்டுமே அழைத்தாராம், எத்துணைப் பெருந்தன்மை! ஆர்ச்சி இதைப் புகழ்ச்சியென்றே எண்ணி மகிழ்கிறான். முடிவில் இருவரும் நின்று படமெடுத்துக்கொள்ளும்போது, படம் விழும் அக்கணத்தில், டேவிஸ் சட்டென்று அவன் கன்னத்தில் முத்தமிடுகிறார். கொட்டகை அதிர்ந்த சிரிப்பு அடங்க நெடுநேரம் ஆயிற்று.

அச்சிரிப்பைக் கவனித்துக் கேட்கவேண்டும். அதில் வெறுப்பாளரும் இருந்திருப்பர், அல்லாதாரும் இருந்திருப்பர். ஆயினும் அந்தக் கணத்தில் ஆர்ச்சி வெல்லவில்லை என்பதை ஒருவரும் மறுக்க முடியாது. அவன் முகத்தில் கோபம் இல்லை. விழிப்பு மட்டுமே இருக்கிறது. வாதத்தில் வெறுப்பாளன் தோற்றதேயில்லை. ஏனெனில் அவன் வாதத்துக்கே வருவதில்லை. முத்தத்துக்கு அவனிடம் மறுமொழி இல்லை. மாமாவும் அங்கே வயிறு குலுங்கச் சிரித்தார். ‘சரிதானே’ என்று எதுவும் சொல்லவில்லை.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். மைக்கேல் பாத்திரம் மெலிந்தது. ராப் ரைனர் தம்மால் இயன்றவரை ஊனும் உயிரும் ஏற்றுகிறார். ஆனால் எழுத்தாளர்கள் அவனைப் பல சமயம் பிரசங்கக் குழலாகவே பயன்படுத்தினர். சீர்திருத்தம் பேசுகிறவன் நகைச்சுவையற்றவனாகவும், சோம்பேறியாகவும், சாப்பாட்டுப் பிரியனாகவும் இருப்பது உண்மைக்கு மாறென்று நாம் சாதிக்கவில்லை. நம் வட்டாரத்திலேயே உதாரணங்கள் காட்டலாம்; நம்மையும் சேர்த்தே. ஆனால் அவன் பக்கத்து நியாயம் அவனைக் காட்டிலும் பெரிது. அப்பெருமை நாடகத்தில் தெரியவில்லை. மற்றொன்று ஆர்ச்சியின் மொழி. நீண்ட ஆங்கிலச் சொற்களைத் தாறுமாறாகத் திரித்து உச்சரித்து அவன் உண்டாக்கும் சிரிப்பு, தொடரின் பாதிச் சிரிப்பு என்றால் மிகையாகாது. இதைத் தமிழில் மாமாவுக்கு எடுத்துச்சொல்ல முடியவில்லை. முயன்றபோதெல்லாம் நமக்கே கூச்சமாயிருந்தது. ஏனெனில் அது படித்தவன் படிக்காதவனைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பு. குடும்ப வறுமையால் பள்ளியை விட்டு வேலைக்குப் போன ஒருவன் வாயில் சொல் பிசகுவது வெறுப்பின் அடையாளமன்று. ஆங்கிலப் பள்ளியில் படித்துவிட்டுத் தோட்டத்துக்கு வந்த நாம், மாமாவைப் போன்றவர்களின் ஆங்கிலத்தைச் சொல்லிச் சிரித்த நாட்கள் உண்டு. வெறுப்பைத் தாக்கும் நாடகம் ஏழ்மையையும் சேர்த்துத் தாக்கியது ஒரு பிழை. அதை லியர் உணர்ந்ததாகத் தெரியவில்லை.

இனி ஈடித். இத்தொடரில் மெய்யாகவே பெரிய படைப்பு எதுவென்று கேட்டால், ஆர்ச்சியன்று, ஈடித்தே என்று சொல்லத் துணிகிறோம். ஜீன் ஸ்டேபிள்டன் அம்மையார் அவளுக்கு ஒரு கீச்சுக்குரலும், சிறு ஓட்டமும் கொடுத்தார். ஆர்ச்சி கூப்பிட்டவுடன் அடுக்களையிலிருந்து கூடத்துக்கும், கூடத்திலிருந்து அடுக்களைக்கும் அவள் ஓடுவாள். ஓடும்போதெல்லாம் கொட்டகை சிரிக்கும். ‘அறிவுகெட்டவளே’, ‘வாயை மூடு’ என்பதே அவளுக்கு இட்ட பெயர். தொடக்கத்தில் அவளும் பரிகாசப் பொருளே. பெண்ணின் அடிமைத்தனத்தைக் கண்டித்து எழுதவந்தவர்கள், அவ்வடிமைத்தனத்தின் ஓட்டத்தையே சிரிப்புக்கு முதலாக வைத்துக்கொண்டார்கள் என்னும் குற்றச்சாட்டுக்கு விடை இல்லை. நம் கூடத்திலும் அவள் ஓடும்போது மாமா சிரித்தார், சிரித்துக்கொண்டே மாமியைக் கூப்பிட்டுக் காப்பி கேட்டார், மாமியும் கொண்டுவந்தார்.

ஆனால் ஸ்டேபிள்டன் அம்மையார் அப்பாத்திரத்தை எழுத்தாளர்களுக்கும் தெரியாமல் வளர்த்துக்கொண்டே போனார் என்று தோன்றுகிறது. ஈடித்துக்குப் பொய் சொல்லத் தெரியாது. யாரையும் இழிவாக நினைக்கத் தெரியாது. அவளிடம் கொள்கை எதுவுமில்லை. மைக்கேல் புத்தகத்தில் படித்த சமத்துவத்தை அவள் படிக்காமலே வாழ்கிறாள். 1972ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஓரங்கம்: மாதவிடாய் நிற்கும் பருவத்தின் தொல்லையில் இருக்கும் ஈடித், இத்தனை காலம் தான் கேட்டுவந்த ‘வாயை மூடு’ என்னும் சொல்லைத் திருப்பி ஆர்ச்சியின்மேல் வீசுகிறாள். அவனோ, அந்த மாற்றம் வரவேண்டுமானால் அரை நிமிடத்தில் வந்து முடியட்டும் என்று கெடு வைக்கிறான். பெண்ணின் உடலைப் பற்றி ஆணுக்கு இருக்கும் பொறுமை எவ்வளவு என்பதை ஒரு கெடிகாரத்தைக் கொண்டு அளந்துவிட்டார்கள்.

1977ஆம் ஆண்டு டிசம்பரில் வந்த இரண்டு பகுதிகளைப் பற்றி இந்நாட்டு வாசகர் அறிந்திருக்க நியாயமில்லை. பெண்வேடமிட்டு ஆடும் கலைஞரான பெவர்லி என்பவர் ஈடித்தின் நண்பர். கிறிஸ்துமஸ் சமயத்தில் தெருவில் கயவர் தாக்கியபோது, மைக்கேலைக் காக்க முனைந்த அவர் கொல்லப்படுகிறார். அவர் செய்த குற்றம் பிறர்போல் இல்லாமல் இருந்ததே. ஆயுள் முழுதும் கோயிலுக்குப் போய்வந்த ஈடித், இதற்குப்பின் பிரார்த்தனை செய்ய மறுக்கிறாள்; கிறிஸ்துமஸ் விருந்தில் தலைகுனிய மறுக்கிறாள். அவளைத் தேற்றுகிறவன் கடவுள் நம்பிக்கையற்ற மைக்கேல். உலகில் எல்லாவற்றுக்கும் விடை உடனே கிடைத்துவிடாது என்றும், அவளைப் போன்றோர் இவ்வுலகுக்கு வேண்டும் என்றும் அவன் கூறுகிறான். அவள் மேசைக்குத் திரும்புகிறாள். பகுத்தறிவுக் கண்கொண்டு பார்ப்போர் சிலர், அவளை ஏன் திருப்பி அனுப்பினார்கள் என்று வருந்தக்கூடும். நமக்கு அவ்வருத்தம் இல்லை. நாத்திகன் ஒருவன் ஓர் ஏழைக் கிழவியின் துக்கத்தைத் தன் கட்சிக்கு ஆதாயமாக்கிக்கொள்ளாமல் விட்டான். மைக்கேல் அத்தொடரில் மனிதனாக எழுந்து நின்ற இடம் அது ஒன்றுதான்.

அதற்கடுத்த சில வாரங்களில், 1978ஆம் ஆண்டு பிப்ரவரியில், ஆர்ச்சியும் மைக்கேலும் மதுக்கடையின் சரக்கறையில் அகப்பட்டுக்கொண்டு இரவைக் கழிக்கும் அங்கம் வருகிறது. மேடையில் இரண்டே பேர். பெரும்பாலும் பேச்சு மட்டும். குடியின் தளர்ச்சியில் ஆர்ச்சி தன் பிள்ளைப் பிராயத்தைச் சொல்லுகிறான். தகப்பனுக்கு வேலை போன பஞ்ச காலம். ஒரு காலில் செருப்பும் மறுகாலில் பூட்சுமாகப் பள்ளிக்குப் போனதால் பிள்ளைகள் சூட்டிய கேலிப்பெயர். தகப்பன் அடித்ததும், இருட்டறையில் பூட்டியதும். கறுப்பரைக் குறிக்கும் இழிசொல் அவன் வீட்டில் எல்லாரும் வழங்கிய சாதாரணச் சொல். உம் தகப்பனார் சொன்னது தவறாயிருக்கும் என்று என்றைக்காவது நினைத்ததுண்டா என மைக்கேல் கேட்கிறான். தன்னை நேசித்த தகப்பன், தன் கையைப் பிடித்து நடத்தியவன், சோறு கொண்டுவந்தவன், அவன் எப்படித் தவறானதைச் சொல்லிக்கொடுப்பான் என்று ஆர்ச்சி திருப்பிக் கேட்கிறான். அடித்த கையைப் பற்றியே இப்படிப் பேசுகிறான். ஓகானர் அவ்விடத்தில் கண்ணீரைக் கொண்டுவரவில்லை. குரலை ஒரு சிறுவனுடையதாக்கிவிடுகிறார். மைக்கேல் மறுமொழி சொல்லவில்லை. தூங்கிப்போன கிழவனுக்குப் போர்த்திவிடுகிறான்.

வெறுப்பு அறியாமையால் பிறப்பது என்று நம்மவர் எழுதியும் பேசியும் வந்திருக்கிறார்கள். நாமும் அவ்வாறே எழுதியிருக்கிறோம். அவ்வாறாயின் பள்ளிக்கூடங்கள் அதை என்றோ ஒழித்திருக்கும். அந்தச் சரக்கறையில் கேட்டது வேறு. அது தகப்பன் கையால் ஊட்டப்பட்டது; அதைத் துப்புவது தகப்பனையே துப்புவது போல் பிள்ளைக்குத் தோன்றுகிறது. தாழ்ந்தவன் வீட்டில் தண்ணீர் குடியாதே என்று நமக்கு முதன்முதலில் சொல்லிக்கொடுத்தவர் யார் என்று நினைத்துப் பார்த்தோம். கோயில் பூசாரியல்லர், அரசியல்வாதியுமல்லர். நமக்குத் தலைவாரிப் பூச்சூட்டிய பாட்டி. அவரைப் போல் நம்மை நேசித்தவர் எவருமில்லை.

1979க்குப் பிறகு அதே ஆர்ச்சியை வைத்து வேறு பெயரில் நான்கு ஆண்டுகள் ஓட்டினார்கள். பெரும்பாலும் சாரமற்றவை; மதுக்கடைச் சிரிப்பு. ஆனால் ஸ்டேபிள்டன் அம்மையார் விலக விரும்பியதால், 1980ஆம் ஆண்டு நவம்பரில் ஈடித் இறந்துவிட்டதாகக் கதையை அமைத்த முதல் அங்கத்தை ஒதுக்க முடியாது. ஆர்ச்சி துக்கப்படவில்லை என்று எல்லாரும் குறை கூறுகிறார்கள். கடைசியில் படுக்கையறைக்குப் போகிறான். அவளுடைய வீட்டுச் செருப்பு ஒன்று அகப்படுகிறது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்து, தன்னை இப்படி விட்டுவிட்டுப் போனதற்காக அவளைக் கடிந்துகொள்கிறான், பிறகு அழுகிறான்.

அன்றிரவு இதைப் பார்த்து முடித்தபோது மணி பதினொன்றரை. மாமி தூங்கப் போய்விட்டார். மாமா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். “அந்த அம்மா நெஜமாவே போயிட்டாங்களா?” என்றார். கதையில் அப்போதே போய்விட்டார், நடித்த அம்மையார் 2013ஆம் ஆண்டுவரை வாழ்ந்தார் என்றோம். அதை அவர் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை.

“அப்ப அந்தக் கெழவனுக்கு இனிமே யாரு சோறு போடுவா?” என்று கேட்டார்.